பயிற்றியே காரணம்

செம்மண் விளையாட்டுக் கழகத்தின் பயிற்றியை உலையில் போடும் நாளன்று பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுமுறை. மூச்சுக்காற்று தயாரிக்கும் ஆலையிலும் நீர்ச்சுத்தி நிலையத்திலும் பாதி ஆட்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரை மூடியிருக்கும் குமிழின் நடுவிலிருக்கும் வார்ப்பட உலையின் வாயில் பாசித்தோட்டத்துப் பச்சைக் கொடிகளைக் கட்டுவார்கள். வீட்டுக்கு வீடு கேசரி மணக்கும். சட்டிமேளக்காரர்கள் ஒரு வாரம் முன்பே ஒத்திகையைத் தொடங்கிவிடுவார்கள். ஆட்டக்காரர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவதில்லை.

செவ்வாய்க் கோளில், பெரும்பள்ளத்தாக்கின் ஓரமாக இருக்கிறது செம்மண்குப்பம். குமிழ்களைப் பற்றவைக்க வடசென்னையிலிருந்து வந்த வெல்டர்களின் பேரன் பேத்திகள் அங்கே வாழ்கிறார்கள். வந்தவர்கள் கொண்டுவந்தது மூன்று: பற்றவைக்கும் கை, பேச்சு, கால்பந்து. மூன்றும் இன்னும் இருந்தன. மூன்றாவதுதான் கொஞ்ச காலமாகச் சரியில்லை.

ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் இயந்திரம்தான் பயிற்றி. அதன் இரும்பு உடம்பு கழகத்துக்குச் சொந்தம். அதன் நெஞ்சுக்குள் இருக்கும் நினைவுக்கட்டி பூமியிலிருந்து வருகிறது, தேங்காய் அளவு. வந்து இறங்கும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. ஆட்டத்தைப் பார்த்து, ஆட்டக்காரர்களோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஒரு மனம் வளரும். வளர்ந்த மனத்தை ஒருமுறை உருவிவிட்டால் திரும்பப் பொருத்த முடியாது. அதனால் தோற்ற பயிற்றியின் கட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரோ கேட்க, உலையில் போடலாம் என்று யாரோ சொல்ல, அது விழாவாகிவிட்டது.

விழாவில் ஒரு வேலை மட்டும் துணைச் செயலாளருடையது. மேடையேறி, பயிற்றியின் நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்து, "பயிற்றியே காரணம்" என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். கை ரேகை பொருந்தினால் கதவு திறக்கும். கட்டியை உருவித் தலைவரிடம் கொடுக்க வேண்டும்.

துணைச் செயலாளர் ரெஜினா. பகலில் நீர்ச்சுத்தி நிலையத்தில் வேலை. மாலையில் காரணவியல் வகுப்பு. வேறு யாரும் கேட்காததால் இந்தப் பதவி அவளிடம் வந்திருந்தது. போன பயிற்றியை உருவியதும் அவள்தான். கட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு ஒரு வாரம் கையிலேயே இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அது உண்மையா, தன் கற்பனையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அவளால் எதையுமே அவ்வளவு சீக்கிரம் தீர்மானிக்க முடியாது.

இப்போது மாசிலாமணியின் முறை.

"ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம்மா," என்றார் கழகத் தலைவர் ஏகாம்பரம், ஆடை மாற்றும் அறையின் வாசலில் நின்றபடி. "மேளத்துக்குச் சொல்லியாச்சி. கேசரிக்கு ரவையும் வந்துடிச்சி."

"அண்ணே, மாசிலாமணி வந்து ரெண்டு சீசன்கூட முழுசா ஆவல."

"அதுக்கு? வரிசையா தோத்தாச்சே. ஜனங்க மூஞ்சியப் பாத்தியா? எப்படா போடுவாங்கன்னு காத்துக்கினு இருக்குதுங்க."

"இந்தத் தடவ நீங்களே கை வைங்களேன்."

ஏகாம்பரம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "எங்க வெக்கிறதும்மா, வெல்டிங் அடிச்சி அடிச்சி ரேகையெல்லாம் பூட்ச்சி. எந்தக் கதவும் என்னை நம்ப மாட்டேங்குது."

அவர் போன பிறகு ரெஜினா உள்ளே போனாள். மாசிலாமணி பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை வைத்தவர்கள் ரசிகர்கள். அது பேசக் கற்றுக்கொண்டது இந்த அறையில்தான். இங்கே சைமன் அவளைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுவும் அவளை அப்படியே கூப்பிட்டது. சைமன் அவளுடைய தம்பி; அணியின் இடது ஓர ஆட்டக்காரன்.

"வாங்கக்கா. ஞாயித்துக்கெழமன்னு முடிவாயிடிச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மேளம் கேட்டுச்சி."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். காரணவியல் வகுப்பில் ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ஒரு குழாய் வெடித்தால் ஏன் என்று கேள், பதில் வந்தால் அதற்கும் ஏன் என்று கேள், கேட்க முடியாத இடம் வரும்வரை நிறுத்தாதே. அவள் சில வாரங்களாகக் கழகத்தைப் பற்றி அப்படிக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துசேர்ந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் எங்கேயோ தவறு செய்திருப்போம் என்று முதலிலிருந்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே இடம்தான் வந்தது.

எதிரணியான பள்ளத்தாக்கு அணியின் பயிற்றியும் இதே வகைக் கட்டிதான். அங்கே அதை யாரும் மாற்றவேயில்லை. அவர்கள்தான் எப்போதும் கோப்பை வாங்குகிறார்கள். அப்படியானால் குறை கட்டியில் இல்லை.

"உண்மையச் சொல்லு மாசி. நாம ஏன் தோக்குறோம்?"

மாசிலாமணி பந்தைக் கீழே வைத்தது. "சொன்னா வருத்தப்படுவீங்க."

"சொல்லு."

"தெருவுக்கு ஒருத்தர்."

செம்மண்குப்பத்தில் பதினோரு தெருக்கள். ஆரம்ப வருடங்களில் மூச்சுக்காற்று ஆலை பாதிதான் ஓடியது. இருந்த காற்றைத் தெருத்தெருவாகச் சமமாகப் பிரித்துக்கொண்டதால்தான் ஊர் பிழைத்தது. ஒரு தெரு ஒரு மூச்சு அதிகம் இழுத்திருந்தால் இன்னொரு தெரு செத்திருக்கும். அன்றிலிருந்து தண்ணீர், வேலை, விருந்து, பதவி எல்லாமே தெருவுக்கு இவ்வளவு என்றுதான் பங்கு. கால்பந்துக்குப் பதினோரு பேர் என்பது கடவுளே பார்த்துச் செய்த ஏற்பாடு என்று ஊரார் நம்பினார்கள். கோல் காப்பது எப்போதும் நான்காம் தெருவின் உரிமை, அந்தத் தெருவில் அந்த வருடம் யாருக்குக் கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

"வேலையச் சமமா பிரிக்கலாம்," என்றது மாசிலாமணி. "கோல் காக்குற வேலையப் பிரிக்க முடியாதுக்கா. ஏழாந்தெருவுல ரெண்டு பேர் நல்லா ஆடுறாங்க. ஒருத்தர வெளிய உக்காத்தி வெச்சிருக்கோம். அஞ்சாந்தெருவுல..." அது நிறுத்தியது.

ஐந்தாம் தெரு ரெஜினாவின் தெரு.

"சொல்லு."

"சைமன் அண்ணன் நல்லவரு. ஆனா பந்து மேல இருக்கும்போதே எகிறிடுறாரு."

செவ்வாயில் எடை குறைவு. உயரமாக அடித்த பந்து யோசித்து யோசித்துத்தான் இறங்கும். கீழே நிற்பவன் காத்திருக்க வேண்டும். முன்னதாகக் குதித்தால் ஆளும் மெதுவாகத்தான் இறங்குவான். அவன் தரைக்கு வருவதற்குள் வேறொருவன் பந்தைக் கொண்டுபோயிருப்பான். சைமன் சிறு வயதிலிருந்தே அப்படித்தான் குதிக்கிறான். ரெஜினாவுக்கு அது தெரியும். ஐந்தாம் தெரு முழுக்கத் தெரியும். ஆனாலும் அவன் குதிக்கும்போது தெருவே கைதட்டும்.

"இத நீ கமிட்டியில சொன்னியா?"

"வந்த மொத மாசமே சொன்னேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் சொன்னாராம். 'நல்லா சொன்ன'ன்னு தட்டிக்கொடுத்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஊரே உலையைச் சுற்றிக் கூடியிருந்தது. மாசிலாமணி மேடையில் மாலையோடு நின்றது. ரெஜினா ஏறிப் போய் அதன் நெஞ்சில் கை வைத்தாள். இரண்டு சொல் சொல்ல வேண்டும். அந்த இரண்டும் வரவில்லை.

"பயிற்றி காரணமில்ல," என்றாள்.

மேளம் நடுவில் நின்றது. தான் சொன்னதை நம்பாதவள்போல் அவளே ஒரு கணம் விழித்தாள். பிறகு, வகுப்பில் விடை சொல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பள்ளத்தாக்கு அணியின் கட்டியும் நம் கட்டியும் ஒன்று என்பதைச் சொன்னாள். நாம் எத்தனை பேரை உருக்கினாலும் களத்தில் நிற்பது அதே தெருப் பங்குதான் என்றாள். நான்காம் தெருவைச் சொல்வதற்கு முன் தன் ஐந்தாம் தெருவைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"என் தம்பியையே எடுத்துக்குங்க. சைமனுக்கு இந்த டீம்ல நிக்கத் தகுதி கெடையாது. அவன் நிக்குறது எங்க தெருவுக்கோசரம்."

கூட்டத்தில் சைமன் நின்றிருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கல்லெறிவார்கள் என்று நினைத்தாள். அது நடக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர், "அது இன்னாவோ கரெக்டுதான்பா," என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். சொந்தத் தம்பியையே சொன்னவள் பொய் சொல்வாளா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கோளாறு பயிற்றியோடு முடிவதில்லை, அடியாழத்தில் இருக்கிறது என்பதை ஊர் ஒரே குரலில் ஒப்புக்கொண்டது. பதினோரு பேரையும் இனி மாசிலாமணியே தேர்ந்தெடுக்கலாம் என்று ஏகாம்பரம் அறிவித்தார். கிண்டிய கேசரியை வீணாக்காமல் அந்தச் சந்தோஷத்துக்கே பரிமாறினார்கள்.

ரெஜினாவுக்கு அன்று முழுவதும் கால் தரையில் படவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு ஊர் திருந்துமா என்ற சந்தேகம் மட்டும் ஓரமாக இருந்தது. அதைத் தன் வழக்கமான சந்தேகங்களில் ஒன்றாக ஒதுக்கினாள்.

வீட்டில் சைமன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். சாப்பாட்டுத் தட்டை அவளுக்கு முதுகு காட்டி வைத்துக்கொண்டான்.

மாசிலாமணி புதிய அணியைக் கட்டியது. ஏழாம் தெருவிலிருந்து இரண்டு பேர், ஒன்பதிலிருந்து மூன்று பேர், நான்கிலும் ஐந்திலும் ஒருவருமில்லை. கோல் காக்க ஏழாம் தெரு பெனிட்டா வந்தாள். பாசித்தோட்டத்தில் வேலை செய்யும் நீளக்கைப் பெண். பந்து இறங்கும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்கக்கூடியவள். "கால் ஒண்ணுக்கொண்ணு பழகணும்க்கா," என்றது மாசிலாமணி. "இந்த சீசன் பாதி வரைக்கும் அடிதான் வாங்குவோம். அப்புறம் பாருங்க."

முதல் ஆட்டத்தில் அடி வாங்கினார்கள். இரண்டாவதிலும் வாங்கினார்கள். மூன்றாவதில் பள்ளத்தாக்கு அணி வைத்துச் சாத்தியது.

அன்று மாலை குமிழுக்குள் ஒரு புதுவிதமான அமைதி இருந்தது. முன்பெல்லாம் இப்படித் தோற்றால் சாபம் கேட்கும், பயிற்றியின் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டுவார்கள், சிரிப்புகூட இருக்கும். இப்போது யாரும் பாடவில்லை. ரெஜினா வகுப்பு முடிந்து உலைப் பக்கமாக வரும்போது அதன் வாயில் ஏதோ தொங்குவதைப் பார்த்தாள். கிட்டே போனாள். பெனிட்டாவின் கையுறைகள்.

ஏழாம் தெருவில் கூட்டம் நின்றது. பெனிட்டா வீட்டுக் கதவில் செம்மண் சேறு அப்பியிருந்தது. சட்டிமேளம் வந்திருந்தது. வாசித்தவன் மெதுவாக, உலைக்கு ஊர்வலம் போகும் தாளத்தை வாசித்தான்.

"வெளிய வாடி! கைய நீட்டுறதுக்கு இன்னாடி உனக்கு நோவு?"

"எங்க தெரு ஆளு நின்னிருந்தா அந்தக் கோலு பூந்திருக்குமா?" என்று நான்காம் தெருக்காரர் ஒருவர் கத்தினார். அவர் தெரு ஆள் நின்று எத்தனை கோல் புகுந்தது என்பது இப்போது அவருக்கு நினைவில்லை.

"க்ளவுஸ மட்டும் போட்டா போதுமா? கையோட போடு!"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, அவர்களைப் பார்த்துத்தான் ரெஜினா பயந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் ஏகாம்பரம் நின்றிருந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, இன்னா இது? சொல்லுங்கண்ணே அவங்ககிட்ட!"

"இன்னான்னு சொல்றது?" அவர் முகத்தில் கோபமில்லை; களைப்புதான் இருந்தது. "பயிற்றி காரணமில்லன்னு நீதானேம்மா புரியவெச்ச. ஊரும் ஒத்துக்கிச்சி. அப்ப யாரோ ஒருத்தர் காரணமா இருந்துதானே ஆவணும்?"

"யாரோ ஒருத்தர் இல்லண்ணே. நம்ம எல்லாருந்தான்."

"அத்த எங்க கொண்டுபோய் உலையில போடுறது?" என்றார் ஏகாம்பரம்.

உள்ளே பெனிட்டாவின் அப்பா கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. ரெஜினா வகுப்பில் கற்ற முறைப்படி யோசிக்க முயன்றாள். ஏன், அதற்கு ஏன், அதற்கு ஏன் என்று கேட்டுக்கொண்டே போக நேரமில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஊருக்கு இப்போது ஒரு நெஞ்சு வேண்டும் என்பதுதான். திறந்தால் உயிர் போகாத நெஞ்சு. உயிர் போகாது என்று நாம் சொல்லிக்கொள்ளும் நெஞ்சு.

அவள் ஆடை மாற்றும் அறைக்கு ஓடினாள்.

மாசிலாமணி அடுத்த ஆட்டத்துக்கான இடங்களைத் தரையில் சுண்ணாம்பால் போட்டுக்கொண்டிருந்தது. அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து நிமிர்ந்தது.

"மேளம் பெனிட்டா வூட்டாண்டயா?"

"ஆமா."

"அப்ப வாங்க, மேடைக்குப் போலாம். அந்தப் பொண்ணு கை நல்ல கை."

"மாசி, இன்னும் கொஞ்ச நாள்ல கால் பழகிடும்னியே!"

"பழகிடும். நான் இருந்தாலும் இல்லாட்டியும் பழகிடும். கத்துக்கிட்டது அவங்க கால்ல இருக்குது." அது சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டது. "பூமியில ஆரம்பத்துல பயிற்றி வேலைய மனுசங்கதான் பாத்தாங்களாம், தெரியுமாக்கா? பழைய ஆட்டமெல்லாம் பாக்கும்போது கேள்விப்பட்டேன்."

"மனுசங்களையா உலையில போட்டாங்க?"

"சேச்சே. வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவ்ளோதான். வாசல்ல நின்னு ஜனங்க பாடுவாங்க. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவ முடியாது. கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

"அப்புறம் ஜெயிச்சாங்களா?"

"ரெண்டு மூணு ஆட்டம் ஜெயிப்பாங்களாம். அப்புறம் மறுபடியும் ஆள மாத்துவாங்க."

இருவரும் மேடைக்குப் போகும் செய்தி பரவ, மேளத்தோடு கூட்டம் ஏழாம் தெருவிலிருந்து உலைப் பக்கம் திரும்பியது. மேடையில் ரெஜினாவையும் மாசிலாமணியையும் பார்த்ததும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது கோபமில்லை. நிம்மதி. பச்சைக் கொடியில்லை, கேசரியில்லை, ஆனாலும் முகங்கள் மலர்ந்தன. யாரோ ஓடிப்போய் ஒரு மாலையைக் கொண்டுவந்தார்கள்.

ரெஜினா நெஞ்சில் கை வைத்தாள்.

"சத்தமா சொல்லுங்கக்கா," என்றது மாசிலாமணி தாழ்ந்த குரலில். "பின்னாடி நிக்குறவங்களுக்கும் கேக்கணும்."

"பயிற்றியே காரணம்!"

கதவு திறந்தது. கட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இந்த முறை அது கற்பனையா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் நான்காம் தெருக்காரர்களே வந்து பெனிட்டா வீட்டுக் கதவைக் கழுவிவிட்டுப் போனார்கள். "வுடும்மா, உன் மேல இன்னா தப்பு? அந்தப் பயிற்றி சொல்லிக்கொடுத்தது அப்படி," என்றார்கள். பெனிட்டா கையுறைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பூமியிலிருந்து அடுத்த சரக்குக் கப்பலில் புதிய கட்டி வந்தது. ரசிகர்கள் அதற்கு ராசியப்பன் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு இன்னும் பந்துக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியாது. யாரையும் மாற்றவோ எதையும் சொல்லிக்கொடுக்கவோ தெரியாததால், மாசிலாமணி நிறுத்திவைத்த பதினோரு பேரும் நிறுத்திய இடத்திலேயே நின்று ஆடினார்கள்.

அவர்கள் ஜெயித்தார்கள். அடுத்ததிலும் ஜெயித்தார்கள். கால்கள் ஒன்றுக்கொன்று பழகியிருந்தன. பள்ளத்தாக்கு அணியோடு ஆடியபோது பெனிட்டா கடைசிப் பந்துக்காக அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து, தாமதமாக எழும்பி, ஒற்றைக் கையால் பறித்தாள். குமிழ் அதிர்ந்தது. இருக்கையிலிருந்து எழுந்து கத்தியவர்களில் ரெஜினாவும் ஒருத்தி. "ராசியப்பா! ராசியப்பா!" என்று ஊரே கத்தியபோது தன் வாயும் அந்தப் பெயரைச் சொல்வதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஏகாம்பரம் ஆடை மாற்றும் அறைக்கு வந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"பாத்தியாம்மா? ஆழம், அடியாழம்னு எங்கள இன்னா சுத்து சுத்த வெச்ச! பயிற்றிய மாத்துனோம், முடிஞ்சிச்சி."

"அண்ணே, இந்தப் பதினோரு பேரையும் பொறுக்கினது..."

"அத்த வுடு, நல்ல நாள்ல. கோளாறு தீந்துடிச்சில்ல? தெருத்தெருவா வந்து கேக்குறாங்க. நாலாந்தெருவ எத்தினி நாள் வெளிய நிக்கவெக்கிறது, பாவம்? அடுத்த ஆட்டத்துலருந்து பழையபடி வெச்சிக்கலாம்னு கமிட்டியில பேசிட்டோம்."

ரெஜினா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக அவளிடம் இருந்தது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சைமன் வந்தான். கையில் அவனுடைய பழைய ஜெர்சி. பல வாரங்களாக அவள் முகத்தைப் பார்க்காதவன் நேராக அவளிடம் வந்தான்.

"யக்கா! நான் மறுபடியும் டீம்ல!"

அவன் சிரித்தான். சிரித்தபடி ஒருமுறை எம்பிக் குதித்தான், மெதுவாக இறங்கினான். அவன் தரைக்கு வரும்வரை ரெஜினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள்.

"இங்க தா," என்றாள், ஜெர்சியை வாங்கி. "தோள்பட்ட பிஞ்சிருக்குது. தெச்சித் தரேன்."

மூலையில் நின்றிருந்த ராசியப்பன் எல்லோரையும் மாறிமாறிப் பார்த்தது. பேசப் பழகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சொல்லைத் தேடித் தேடி அவளிடம் கேட்டது:

"அக்கா... தெருவுக்கு ஒருத்தர்னா, எதுக்கு?"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்த ரெஜினா தலை நிமிரவில்லை.

"அது எங்க வழக்கம்," என்றாள். "அதெல்லாம் உனக்கு வேணாம். நீ உன் வேலையப் பாரு."